கேம்ப் செய்தியை ஊர்க்காரர்கள் படிப்பார்களா?

கேள்வி, 16 செப்டம்பர் 2023

"எங்கள் கல்லூரி சின்னது. நான்கைந்து துறை, ஒரே ஒரு என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) யூனிட். வருடா வருடம் ஏதாவது ஒரு கிராமத்தில் ஏழு நாள் கேம்ப். கோயிலைச் சுத்தம் செய்வோம், மரக்கன்று நடுவோம், பேரணி போவோம். மறுநாள் பேப்பரில் இரண்டு பத்தி வரும், தாளாளர், முதல்வர், சிறப்பு விருந்தினர் பெயரோடு. கட்டிங்கை ஃபைலில் ஒட்டுவோம். செய்திக்காக வேலை செய்கிறோமா, வேலைக்காகச் செய்தி போடுகிறோமா என்றே தெரியவில்லை. செய்தி கொடுப்பதை நிறுத்திவிட்டு வேலையை மட்டும் பார்த்தால் என்ன?"

16 செப்டம்பர் 2023, இரவு

நிறுத்தக்கூடாது என்பது என் கட்சி. நானும் ஒரு சிறு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள், இப்போது யூனிட்டின் திட்ட அலுவலர். செய்திக் குறிப்பு எழுதுவதும் என் தலையில்தான்.

அந்தக் குறிப்பு எப்படி உருவாகிறது என்று பாருங்கள். மாலைக்குள் ஏரியா நிருபருக்கு வாட்ஸ்அப்பில் போயாக வேண்டும். அவருக்குக் கிடைக்கும் இடம் ஒரு கையகலம். அதில் தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்திப் பேசியவர், வரவேற்றவர், நன்றி கூறியவர் என்று வரிசை நின்றால், "மாணவர்கள் தூய்மைப் பணியில் ஈடுபட்டனர்" என்ற ஒரு வரிக்குத்தான் மிச்சம். எந்தக் கால்வாய், எவ்வளவு தூரம், அதில் தண்ணீர் வந்ததா, இல்லையா? ஒன்றும் இருக்காது. நிருபரைக் குறை சொல்ல முடியாது. நாம் அனுப்பியதைத்தான் அவர் சுருக்குகிறார்.

அந்த ஊர்க்காரர் ஒருவர் பெயர்கூட அதில் இருக்காது, ஊராட்சித் தலைவரைத் தவிர. ஐம்பது பிள்ளைகள் ஏழு நாள் தங்கிக் குளிக்கத் தன் வீட்டு மோட்டாரைப் போட்டுவிட்ட அம்மாவின் பெயரை நான் எந்தக் கட்டிங்கிலும் பார்த்ததில்லை. செய்தியை நிறுத்தினாலும் அந்த அம்மாவுக்கு ஒன்றும் மாறாது. எழுதும் விதத்தை மாற்றினால் மாறும்.

17 செப்டம்பர் 2023

ஃபைலைப் பற்றி ஒரு வார்த்தை. நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, ஃபைலுக்காக வேலை பார்ப்பவர்களை நான் திட்டுவதாக ஒருவர் எடுத்துக்கொண்டார். இல்லை. கல்லூரிகளைத் தரம் பார்க்கும் நாக் மதிப்பீட்டில் மூன்றாம் அளவுகோலுக்குள் விரிவாக்கப் பணி, அதாவது கல்லூரிக்கு வெளியே ஊருக்குச் செய்யும் வேலை, என்று ஒரு பகுதி இருக்கிறது. எத்தனை நிகழ்ச்சி, எத்தனை மாணவர், இடமும் நேரமும் பதிந்த ஜியோ டேக் படம் எங்கே என்று கேட்பார்கள். ஆராய்ச்சிக்கூடமும் ஆராய்ச்சி நிதியும் இல்லாத சிறு கல்லூரி நிமிர்ந்து மதிப்பெண் கேட்கக்கூடிய இடம் இதுதான். ஃபைல் வேண்டும். ஃபைலுக்கு எழுதியதையே ஊருக்கும் கொடுப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. இரண்டும் வேறு வேறு வாசகர்கள்.

24 செப்டம்பர் 2023

இன்று என்.எஸ்.எஸ். நாள். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-இல் இதே தேதியில், அப்போதைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள் என்று ஆரம்பித்தது. பேட்ஜில் இருக்கும் சக்கரம் கோனார்க் சூரியக் கோயிலின் தேர்ச் சக்கரம். அதன் எட்டுக் கால்களும் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது ஒரு பையன், "அப்போ ராத்திரியிலயும் வேலை இருக்கா மேடம்?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். கேம்ப்புக்கு வந்தால் தெரியும் என்றேன்.

இதை எதற்குச் சொல்ல வந்தேன் என்றால், ஒரு வாலண்டியர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். ஆண்டுக்கு 120. அதற்கு மேல்தான் ஏழு நாள் சிறப்பு முகாம். ஆனால் செய்தியில் வருவது அந்த ஏழு நாள் மட்டும்தான். சனிக்கிழமை மதியம் நாலு பிள்ளைகள் பஸ் ஏறிப் போய் ஊர் நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவது எந்தப் பேப்பரிலும் வராது. சிறப்பு விருந்தினர் இல்லாத வேலையைச் செய்தியாக எழுத நமக்குக் கைப்பழக்கம் இல்லை.

பாருங்கள், உண்மையில் ஊரோடு உறவு வளர்வது அந்தச் சனிக்கிழமைகளில்தான். கேம்ப்பில் நாம் விருந்தாளிகள். சனிக்கிழமை போகிறவர்களை அந்தத் தெருவில், "ஏன் போன வாரம் வரல?" என்று கேட்கிறார்கள்.

2 அக்டோபர் 2023

வெள்ளிக்கிழமை கல்லூரியில் ரத்ததான முகாம் நடந்தது. நேற்று, அக்டோபர் 1, தேசியத் தன்னார்வ ரத்ததான நாள். அதையொட்டித்தான். செய்தி வந்துவிட்டது: இத்தனை யூனிட் சேகரிக்கப்பட்டது, இன்னார் தொடங்கி வைத்தார்.

வராத செய்தியை இங்கே எழுதுகிறேன். கொடுக்க வரிசையில் நின்ற பெண்பிள்ளைகளில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்தம் கொடுக்க 18 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை வாம்மா" என்று சொல்லிவிடுகிறார் டெக்னீஷியன். பிள்ளை முகம் சுண்டிப்போய் வருகிறது. ஆனந்தமாக ரத்தம் கொடுக்கப் போனவளுக்குத் தன் உடம்பைப் பற்றி ஒரு தகவல் கிடைத்திருக்கிறது. அதை என்ன செய்வது என்று அவளிடம் யாரும் பேசவில்லை. சேர்ந்த யூனிட்டை எண்ணுகிறோம், திரும்பிப் போனவளை எண்ணுவதில்லை.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம் வராந்தாவில் நிற்கும் வரிசையிலேயே அந்தக் கணக்கு தெரிகிறது. சிறு கல்லூரியில் எல்லோரையும் முகம் பார்த்துத் தெரியும் என்பதால் உட்கார வைத்துக் கேட்டேன். காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடிப்பவர்கள் வெறும் டீயோடு வருகிறார்கள். மதியச் சோற்று டப்பாதான் அன்றைக்கு முதல் சாப்பாடு. பள்ளியில் வாரம் ஒருநாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், இங்கே வந்தபின் இல்லை என்றாள் ஒருத்தி.

இதுதான் அந்த முகாமின் செய்தி என்று நான் நினைக்கிறேன். பெயர் எதுவும் போடாமல் எழுதி, கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். "ரத்தம் கொடுக்க முடியாமல் போனவர்களுக்கு" என்று தலைப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும், டீயோடு சேர்த்துப் போடக்கூடாது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக ஏறும் என்று எழுதினேன். கூட்டம் கூடிப் படித்தார்கள். முகாம் படம் ஒட்டியபோது அப்படி யாரும் நிற்கவில்லை.

2 அக்டோபர் 2023, இரவு

ஒரு திருத்தம், மேலே உள்ளதைப் படித்துப் பயந்துபோன ஒரு பெற்றோருக்காக. 12.5 என்பது ரத்தம் கொடுப்பதற்கான எல்லை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பார்கள். 12.2 இருந்து திருப்பி அனுப்பப்பட்டவள் நோயாளி இல்லை. ஆனால் திரும்பி வந்தவர்களில் 9, 10 என்று இருந்தவர்களும் உண்டு. அவர்களை டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும். பலகையிலும் இந்த இரண்டு வரியைச் சேர்த்துவிட்டேன்.

5 அக்டோபர் 2023

மாணவிகளின் உடம்பு விஷயத்தை ஏன் பொதுவில் எழுதுகிறீர்கள் என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் பெயர், வகுப்பு, துறை, எண்ணிக்கை எதுவும் இல்லை. சிறு கல்லூரியில் "இரண்டாம் ஆண்டு வரலாறு, மூன்று பேர்" என்று போட்டாலே யாரென்று தெரிந்துவிடும். சிறிய இடத்தில் எண்களும் பெயர்கள்தான்.

15 அக்டோபர் 2023

"கேம்ப்பில் சீமைக்கருவேலம் வெட்டினோம், படம் எடுத்தோம், ஆறு மாதத்தில் மறுபடி காடாகிவிட்டது. இதை எப்படிச் செய்தியாக்குவீர்கள்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நன்றாகவே செய்தியாக்கலாம். எங்களுக்கும் அது நடந்தது.

போன கேம்ப்பில் கண்மாய்க்கு வரும் வரத்துக் கால்வாயில் கருவேலத்தை அகற்றினோம். கையில் அரிவாளும் மண்வெட்டியும்தான். தரையோடு வெட்டினால் கருவேலம் சாகாது. அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளை துளிர்த்து முன்னைவிட அடர்த்தியாக வரும். வேரோடு தோண்டி எடுக்க வேண்டும், அதற்குப் பொக்லைன் வேண்டும். முதல் நாளே ஒரு தாத்தா கரையில் உட்கார்ந்துகொண்டு, "தூரை விட்டுட்டுப் போறீகளே, அது உங்களுக்கு முன்னால வந்து நிக்கும்" என்றார். அந்தத் தாத்தாவின் வாக்கியம் செய்தியில் வந்திருக்க வேண்டும். வந்தது, "கருவேல மரங்கள் அகற்றப்பட்டன."

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. இரண்டாவது நாள் மூன்று பெண்கள் வந்து, எல்லாவற்றையும் வெட்டாதீர்கள் என்றார்கள். அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த விறகில். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமெல்லாம் கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பிழைப்பவர்கள் எவ்வளவோ பேர். நீதிமன்றம் வரை போன மரம் அது. நிலத்தடி நீர், மேய்ச்சல், நாட்டு மரங்கள் என்று அதற்கு எதிராகச் சொல்ல நிறைய இருக்கிறது. நான் அகற்றும் பக்கம்தான். ஆனால் கேஸ் சிலிண்டர் வாங்கக் கணக்குப் பார்க்கும் வீட்டில் போய் நின்றுகொண்டு "இந்த மரம் கேடு" என்று பிளக்ஸ் பிடித்தது சரியாகப் படவில்லை. கடைசியில் கால்வாய்க்குள் இருப்பதை மட்டும் எடுப்பது, கரைக்கு அப்பால் இருப்பதைத் தொடுவதில்லை என்று அந்தப் பெண்களோடு பேசி முடிவானது. வெட்டிய விறகைப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஏழு நாளில் பிள்ளைகள் கற்றது இந்தப் பேச்சுவார்த்தையைத்தான். பொருளாதாரம் படிக்கிற ஒரு பையன் அன்று இரவு நோட்டில் எழுதியதைப் படித்தேன். மூன்று செமஸ்டர் பாடத்தை அந்த மூன்று பெண்கள் ஒரு மணி நேரத்தில் நடத்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தான்.

16 அக்டோபர் 2023

"அப்படியானால் வேலை தோற்றுப்போனது என்று எழுதச் சொல்கிறீர்களா? நிர்வாகம் விடுமா?"

தோற்றது என்று எழுத வேண்டாம். நடந்ததை எழுதினால் போதும். எவ்வளவு தூரம் வெட்டினோம், எவ்வளவு தூரம் வேர் எடுத்தோம், எது பாக்கி, அதற்கு எந்த அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். நிர்வாகத்துக்கும் இது கௌரவமாகத்தான் இருக்கும். எங்கள் முதல்வர் முதலில் தயங்கினார். "பாக்கி" என்ற தலைப்பைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டார். பிறகு, மனு எண்ணையும் சேர்த்துப் போடுங்கள், அப்போதுதான் யாராவது கேட்பார்கள் என்று சொல்லி அவரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார்.

1 நவம்பர் 2023

இன்று உள்ளாட்சி நாள், போன கேம்ப் நடந்த ஊரில் கிராம சபை. முன்பு ஆண்டுக்கு நாலு தடவை கூடும்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022 முதல் தமிழ்நாட்டில் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு ஆயிற்று. கிராம சபையின் உறுப்பினர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்தான். நாம் வெளியாட்கள். அதனால் நான் பேசவில்லை. எங்கள் யூனிட்டில் அந்த ஊர்ப்பெண் ஒருத்தி இருக்கிறாள், பி.காம்., இரண்டாம் ஆண்டு. கேம்ப் அறிக்கையை அவளை வாசிக்கச் சொன்னோம். தலைவர் முன்கூட்டியே அனுமதி கொடுத்திருந்தார்.

ஒரு பக்கம்தான். செய்தது, செய்யாமல் விட்டது, ஊரில் யார் யார் உதவினார்கள். பெயர்களை வாசிக்க வாசிக்கக் கூட்டத்தில் தலைகள் திரும்பின. மோட்டார் போட்டுவிட்ட அம்மா பெயர் வந்ததும் பின்வரிசையில் ஒரே சிரிப்பு, கைதட்டல். அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு கேள்விகள் வந்தன. ஒரு பெண் எழுந்து, "நூறு நாள் வேலை நடக்கிற வாரத்துலயே வந்து மருத்துவ முகாம் போட்டா நாங்க எப்படி வர்றது?" என்றார். நாங்கள் யாருமே யோசிக்காத விஷயம். மருத்துவ முகாமுக்குக் கூட்டம் குறைந்ததற்கு, மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று அறிக்கையில் காரணம் எழுதப்பட்டிருந்தது. வேலைக்குப் போயிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த வரியை அங்கேயே அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதிக்கொண்டாள் எங்கள் மாணவி. இன்னொருவர் நட்ட மரக்கன்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்தை ஒட்டிய கன்றுகளைச் சத்துணவு அமைப்பாளர் அம்மா ஏற்றுக்கொண்டார். ரோட்டோரக் கன்றுகளை ஆடு தின்றுவிட்டதை ஊரே சொன்னது.

பேப்பரில் வந்த இரண்டு பத்திக்கு இந்தக் கேள்விகள் வரவே வராது. ஏனென்றால் அதை ஊர் படிக்கவே இல்லை. இங்கே கேட்கப்பட்ட கேள்விகளால் அடுத்த கேம்ப்பின் தேதி மாறப்போகிறது.

3 நவம்பர் 2023

எல்லாக் கல்லூரிக்கும் இது நடக்குமா என்றால், ஊராட்சித் தலைவர் மனம் வைக்க வேண்டும், அந்த ஊர்ப்பிள்ளை யூனிட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறிக்கையை ரேஷன் கடைச் சுவரிலும் நூலகத்திலும் ஒட்டலாம். பெரிய எழுத்தில், ஒரே பக்கம். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர் படித்துக் காட்டுவார்.

9 நவம்பர் 2023

படங்கள் பற்றி. ஜியோ டேக் படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் எல்லாம் பதிந்திருக்கும். ஃபைலுக்கு அது வேண்டும். அதே படத்தை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். வீடு வீடாகச் சர்வே எடுக்கும்போது ஒரு பாட்டி தன் வீட்டு வாசலில் நிற்கும் படமும், அந்த வீடு இருக்கும் துல்லியமான இடமும், அவர் தனியாக இருக்கிறார் என்ற குறிப்பும் சேர்ந்து பொதுவில் போவது ஆபத்து. சின்னப் பிள்ளைகள் படம் என்றால் பெற்றவர்களிடம் கேட்டுவிட்டு. அரிசி, நோட்டுப் புத்தகம் கொடுக்கும்போது வாங்குகிறவர் முகம் தெரிய எடுக்கவே வேண்டாம் என்பது எங்கள் யூனிட்டில் இப்போது விதி. வாங்கும் கையை மட்டும் எடுப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. கொடுத்த பொருளைப் படம் எடுத்தால் போதும்.

21 டிசம்பர் 2023

இந்த மாதம் இந்தக் கேள்வி-பதில் இழையின் பக்கம் வரவே முடியவில்லை. முதலில் மிக்ஜாம் புயலில் சென்னை, பிறகு 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. எங்கள் கல்லூரி வெள்ளம் வராத மாவட்டத்தில் இருக்கிறது. பிள்ளைகள் பொருள் திரட்டினார்கள்.

முதல் நாள் குவிந்தது பழைய துணி. கிழிந்ததும் சாயம் போனதும். பிரித்துப் பார்த்த பிள்ளைகளுக்கே கோபம் வந்துவிட்டது. அங்கே படிக்கும் பழைய மாணவி ஒருத்தியிடம் போனில் கேட்டோம். பாய், போர்வை, டார்ச், மெழுகுவத்தி, நாப்கின், பினாயில், குழந்தைகளுக்குப் பால்பவுடர் என்று பட்டியல் சொன்னாள். அந்தப் பட்டியலை எழுதிக் கல்லூரி வாசலில் மாட்டியதுதான் இந்த ஆண்டு நாங்கள் வெளியிட்ட செய்திகளிலேயே அதிகம் பயன்பட்டது. சாயங்காலத்துக்குள் துணி வருவது நின்று பட்டியலில் இருந்தவை வர ஆரம்பித்தன. லாரி கிளம்பும்போது கொடியசைக்கும் படம் எடுத்தார்கள். எடுக்கட்டும். நான் அந்தப் பட்டியலைத்தான் செய்தி மடலின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்று நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டபோது பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்துக் கொடுத்தார்கள் அல்லவா? சுற்றிலும் தண்ணீர், தங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர். சமூகப் பணி என்று நாம் பாடத்திட்டம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த ஊருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கேம்ப்புக்குப் போகும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லித்தான் கூட்டிப் போகப்போகிறேன், ஊருக்கு "விழிப்புணர்வு ஏற்படுத்த" போகிறோம் என்ற நினைப்போடு போக வேண்டாம் என்று.

6 ஜனவரி 2024

"யார் எழுதுவது? ஆசிரியர்களுக்கு நேரமில்லை, மாணவர்களுக்கு எழுத வராது."

மாணவர்களுக்கு வரும். நாம் கொடுக்கும் மாதிரிதான் தப்பு. "இனிதே நிறைவுற்றது" என்று முடிக்கச் சொல்லிக்கொடுத்தால் அப்படித்தான் எழுதுவார்கள். அந்த பி.காம். மாணவியிடம், உன் ஊரில் இந்த மாதம் எல்லோரும் பேசிக்கொண்டது என்ன என்று கேட்டேன். பஸ் என்றாள். மாலை நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு. அதனால் அந்த வழித்தடப் பெண்கள் கடைசி வகுப்பில் பாதியிலேயே எழுந்து போகிறார்கள், வருகைப் பதிவு குறைகிறது. இதை இரண்டு பக்கம் எழுதினாள். பஸ் நேரம், வழியில் ஏறுகிறவர்கள், பூ விற்றுவிட்டுத் திரும்பும் பெண்களும் அதே பஸ்ஸைத்தான் நம்பியிருப்பது எல்லாம் இருந்தது. கல்லூரிக்கும் ஊருக்கும் பொதுவான ஒரு விஷயத்தை அவளாகவே பிடித்துவிட்டாள். அந்தக் கட்டுரையை இணைத்துப் போக்குவரத்துக் கழகக் கிளைக்கு மனு போயிருக்கிறது. பஸ் நேரம் இன்னும் மாறவில்லை. ஆனால் கல்லூரி தன் பக்கம் செய்யக்கூடியதைச் செய்தது. அந்த வழித்தட மாணவிகளின் ஆய்வக வகுப்பு மதியத்திலிருந்து காலைக்கு மாறிவிட்டது.

சமுதாய வானொலி பற்றிக் கேட்டவருக்கு: நல்ல வழிதான். 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி வந்தது, 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. நூறு வாட் ஒலிபரப்பு, சுற்றியுள்ள சில கிலோமீட்டருக்குக் கேட்கும். ஆனால் கோபுரம், ஸ்டுடியோ, உரிமம், தினமும் நிகழ்ச்சி தயாரிக்க ஆள் என்று எங்களைப் போன்ற கல்லூரிக்குத் தாங்காது. சுவரில் ஒட்டும் ஒரு பக்கம், அதையே ஒரு பிள்ளை வாசித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் நாலு நிமிட ஆடியோ. இவை இரண்டும் எங்களால் முடிகிறது. ஆடியோவைத்தான் பெரியவர்கள் கேட்கிறார்கள். வாசிக்கும் குரல் யார் வீட்டுப் பிள்ளையுடையது என்று கேட்பதற்காகவே கேட்பவர்களும் உண்டு.

25 ஜனவரி 2024

வாக்காளர் நாள். உறுதிமொழி எடுத்தவர்கள் எண்ணிக்கையை மட்டும் அனுப்பாதீர்கள். 17 முடிந்தவர்களே, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ முன்கூட்டிக் கொடுக்கலாம். 18 வயது ஆகிவிட்டதா என்று பார்க்க ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என்று நாலு தகுதித் தேதி 2022-இலிருந்து இருக்கிறது. உறுதிமொழி எடுத்த எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியவில்லை. ஜனவரி ஒன்றைத் தவறவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்றே நினைத்திருந்தார்கள். அட்டை கைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஜூலையில் ஒரு செய்தி போடுங்கள்.

28 ஜனவரி 2024

செய்திக் குறிப்பு ஒன்றை மாதிரிக்குக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போன கேம்ப்பைப் பற்றித் திருத்தி எழுதி நிருபருக்கு அனுப்பியது இது. ஊர்ப்பெயரும் ஆட்பெயர்களும் மட்டும் இங்கே இல்லை.

"கண்மாய் வரத்துக் கால்வாயில் மடை முதல் பாலம் வரை கருவேலம் வெட்டப்பட்டது. வேர் எடுத்தது பாலத்தை ஒட்டிய பகுதியில் மட்டும். மற்ற இடங்களில் திரும்பத் துளிர்த்துவிட்டது. கரைக்கு வெளியே உள்ள மரங்கள் விறகுக்காக ஊராரின் விருப்பப்படி விடப்பட்டன. பொக்லைன் கேட்டு வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மனு கொடுக்கப்பட்டுள்ளது, மனு எண் கீழே. பள்ளியை ஒட்டிய மரக்கன்றுகள் நிற்கின்றன, ரோட்டோரக் கன்றுகள் இல்லை. மருத்துவ முகாம் வேலை நாளில் நடந்ததால் பலர் வர இயலவில்லை. இந்த முறை ஞாயிற்றுக்கிழமை நடக்கும். தங்க இடமும் தண்ணீரும் கொடுத்தவர்கள்: ... சிறப்பு விருந்தினர்: ..."

சிறப்பு விருந்தினர் பெயரும் இருக்கிறது, பாருங்கள். கடைசியில் இருக்கிறது.

29 ஜனவரி 2024

பேப்பர் இதைப் போடுமா? அப்படியே போடாது. ஆனால் இதை அனுப்பியபோது நிருபர் திருப்பி போன் செய்து, பாலம் எந்தப் பக்கம் இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். ஒரு குறிப்பைப் படித்துவிட்டு ஒரு நிருபர் நேரில் போய்ப் பார்க்க நினைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். போய்விட்டு வந்து, கால்வாய் அடைபட்டது பற்றித் தன் பெயரிலேயே எழுதினார். அதில் எங்கள் கல்லூரி பெயர் ஒரே ஒரு இடத்தில் வந்தது. ஃபைலுக்கு அந்தக் கட்டிங்கும் போயிருக்கிறது.

11 பிப்ரவரி 2024

இந்தக் கேம்ப் அடுத்த மாதம். அதோடு என் பொறுப்பு முடிகிறது. திட்ட அலுவலர் பதவி மூன்று ஆண்டுதான், நீட்டித்தால் இன்னும் ஒன்று. புதிதாக வருகிறவருக்கு என்ன கொடுத்துவிட்டுப் போவீர்கள் என்று கேட்டவருக்கு: ஸ்டாக் ரெஜிஸ்டர், கணக்கு, சேர்க்கைப் பதிவேடு எல்லாம் முறைப்படி போகும். தனியாக ஒரு நோட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊரில் எந்த வேலைக்கு யாரைக் கேட்க வேண்டும், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்தத் தெருவை எப்போதும் விட்டுவிட்டு வருகிறோம், எந்த மாதத்தில் நடவு, அறுப்பு. கிராம சபையில் கேட்கப்பட்ட கேள்விகள் அப்படியே, கேட்டவர் பெயரோடு. பக்கத்திலேயே பதில் சொன்னோமா இல்லையா என்று ஒரு கட்டம். பாதிக்கு மேல் கட்டங்கள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன.

எங்கள் கல்லூரி ஊர்களைத் தத்தெடுத்திருப்பது உன்னத் பாரத் அபியானில். 2014-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு கல்லூரி ஐந்து கிராமங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்துக்கும் இப்படி ஒரு நோட்டு வேண்டும் என்பது என் ஆசை. இப்போதைக்கு ஒன்றுதான் முடியும்போல. அதை நானே எழுதி முடிக்காமல் அந்த பி.காம். மாணவியிடமும் அவள் ஊர்ப்பிள்ளைகள் இருவரிடமும் ஒப்படைத்திருக்கிறேன். எந்தத் தெரு விடுபடுகிறது என்ற பக்கத்தை அவர்கள் முழுக்கத் திருத்தி எழுதுகிறார்கள்.

14 பிப்ரவரி 2024

பொக்லைன் மனுவுக்குப் பதில் வந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் கால்வாய்ப் பணியைச் சேர்க்க ஊராட்சித் தீர்மானம் வேண்டும் என்கிறார்கள். அடுத்த கிராம சபைக்கு முன் தலைவரைப் பார்க்க வேண்டும். தீர்மானத்தின் வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்று இங்கே யாராவது அனுபவப்பட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள், நகல் இருந்தால் இன்னும் நல்லது.